செத்தும் கொடுத்த கை எது?

சென்ற மீலாது மாதத்தில் நம் சங்கத்தார் கூட்டிய சபையொன்றில் பேச வந்த பெரியவர், கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். வள்ளல் மறைந்தது தெரியாமல் ஒரு புலவர் பரிசில் நாடி வந்தார் என்றும், சேதி கேட்டுக் கப்ரின் முன் நின்று கதறிப் பாடினார் என்றும், அப்போது மண் பிளந்து மோதிரம் அணிந்த கை ஒன்று வெளியே நீண்டது என்றும் அவர் சொன்னபோது சபையில் “ஸுப்ஹானல்லாஹ்” என்ற ஓசை எழுந்தது. கூட்டம் கலைந்து தேநீர் கொடுக்கும் சமயம், தொடக்கக் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், நம் அங்கத்தினர் ஒருவரின் மகன், பேசியவரிடமே வந்து, “மாமா, அந்தக் கை நிசமாகவே வெளியே வந்ததா?” என்று கேட்டுவிட்டான்.

பேசியவர் வாய் திறக்குமுன் பக்கத்திலிருந்தவர்களே மூன்று விதமாகப் பதில் சொல்லிவிட்டார்கள். ஒருவர், “பெரியவர்கள் சொன்னதில் சந்தேகம் கேட்கலாமா?” என்று கடிந்துகொண்டார். இன்னொருவர், இப்படிப்பட்ட கட்டுக்கதைகளை மேடையில் சொல்வதே மார்க்கத்துக்கு ஆகாது, அடுத்த வருஷத்திலிருந்து இதை நீக்க வேண்டும் என்றார். மூன்றாமவர் பையனின் தோளைத் தட்டி, “அதெல்லாம் சும்மா உவமை, தம்பி. பாட்டுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்” என்றார். பையன் சிரித்தான். “அப்போ சும்மாதானா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிரவு கடையை அடைத்துவிட்டு நடந்து போகையில் அந்த மூன்றாவது பதில்தான் நம்மை உறுத்திற்று. முதலிரண்டு பதிலும் சொன்னவர்கள் அந்தக் கதையை ஒரு பொருட்டாக மதித்தார்கள். ஒருவர் நம்பினார், ஒருவர் எதிர்த்தார். மூன்றாமவரோ அன்பாகப் பேசி அதை ஒன்றுமில்லாததாக்கிவிட்டார். உறுத்தியதற்கு வேறு காரணமும் உண்டு. இதே பதிலை நாமும் ஒரு சமயம் வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறோம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

நாம் ஆலிமல்ல, புலவருமல்ல. ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் ஐந்து வகுப்புப் படித்ததும், பிறகு சிராங்கூன் சாலைப் பக்கம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மனிதர்கள் பேசுவதைக் கேட்டதும்தான் நமது படிப்பு. ஆயினும் சொல்லுக்குப் பொருள் காணும் வேலை கற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. வியாபாரி நாள் முழுதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். “நாளைக்குத் தந்துடுறேன் பாய்” என்பவர் எந்த நாளைச் சொல்கிறார் என்பது நமக்குத் தெரியும். “இந்த விலைக்குக் கொடுத்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்” என்று நாம் சொல்லும்போது வாங்க வந்தவர் நமக்காகக் கண்ணீர் விடுவதில்லை. இன்னும் அரை வெள்ளி குறைக்க இடமிருக்கிறது என்று கண்டுகொள்கிறார். கண்டாங் கிர்பாவ் என்றால் எருமைக் கொட்டில் என்று மலாய்க்காரர் சொல்வர். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தப் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். எவனும் தான் கொட்டிலில் பிறந்ததாக வருந்தியதில்லை. தெலுக் ஆயர் தெருவில் உள்ள அல் அப்ரார் பள்ளிவாசலை நம் முன்னோர் குச்சுப் பள்ளி என்றார்கள். 1827-இல் அது கூரை வேய்ந்த குடிசையாக இருந்தது. 1850-களில் கட்டடமாகிவிட்டது, பெயர் மட்டும் குடிசையாகவே நிற்கிறது. அதே தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா இருக்கிறது. சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். இங்கே இருப்பது நினைவுச் சின்னமே. அக்காலத்தில் கடல் அத்தெரு வரை இருந்தது. பல நாள் கடலில் தத்தளித்துக் கரையேறிய மனிதனுக்கு நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்தக் கட்டடத்தைப் “பொய்க் கப்ரு” என்று சொல்ல நமக்கு நா எழாது. அதற்காக நாகூரார் இங்கேதான் அடங்கியிருக்கிறார் என்றும் சொல்லமாட்டோம்.

இனிக் கைக்கு வருவோம். அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு அவன் பிறப்பதற்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே ஒரு விடை இருக்கிறது. மதரஸாவில் நம் ஹஜ்ரத் அதைச் சொன்ன விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அவர்களுடைய மனைவிமார், தங்களுக்குப் பின் தங்களை முதலில் வந்து அடையப்போகிறவர் எங்களில் யார் என்று வினவினார்கள். உங்களில் எவருடைய கை மிக நீளமானதோ அவரே என்று நாயகமவர்கள் விடை பகர்ந்தார்கள். உடனே அந்த அன்னையர் ஒரு நாணற் குச்சியை எடுத்துக் கைகளை அளந்து பார்த்தார்கள். சௌதா (ரலி) அவர்களின் கையே நீளமாக இருந்தது. ஆனால் நாயகமவர்களுக்குப் பின் முதலில் மறைந்தவர் ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 20-ஆம் ஆண்டில், உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில். அவர் குட்டையான உருவினர். தோலைப் பதனிட்டுத் தைத்துத் தம் கைப்பட உழைத்து, வந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவந்தவர். அவர் மறைந்த பிறகுதான், நீண்ட கை என்றது கொடுக்கும் கையை என்பது மற்றவர்களுக்கு விளங்கிற்று.

ஹஜ்ரத் இதைச் சொல்லும்போது தம் கைத்தடியை எடுத்துத் தம் முழங்கையை அளந்து காட்டுவார், பிள்ளைகள் சிரிப்போம். “சிரிக்காதீங்கடா, அளந்தவங்க நம்ம தாய்மார்” என்று அதட்டுவார். அளந்ததில் ஒரு குற்றமும் இல்லை. சொன்னவர் மீது வைத்த நம்பிக்கையினால் அளந்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தை நாம் பெரியவனான பிறகே கவனித்தோம். பொருள் வேறு என்று தெரிந்த அன்று அவர்கள், “ஓ, அது வெறும் பேச்சுத்தானா” என்று சொல்லவில்லை. அளந்த நீளத்தைவிடப் பெரிய நீளம் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். நேர்ப்பொருளில் அந்தச் சொல் எவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கை நீளமாக இருப்பது அவரவர் பிறப்பு. உள்பொருளிலோ அது ஒவ்வொருவரிடமும் ஒன்றைக் கேட்கிறது.

அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் வரலாறும் இந்த வகையே. நோன்பு வைக்கும் நேரத்துக்காக வேதம் சொன்ன வெள்ளை நூலையும் கறுப்பு நூலையும் நிசமான நூல் என்று எண்ணி, இரண்டு கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் பார்த்தவர் அவர். இரவின் இருளும் பகலின் வெளிச்சமுமே அவை என்று நாயகமவர்கள் விளக்கினார்கள். உள்பொருள் தெரிந்ததனால் நோன்பு எளிதாகிவிடவில்லை, கவனியுங்கள். நேரம் சரியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஹுனைன் போருக்குப் பின் நடந்ததும் ஒன்றுண்டு. கனீமத்தில் தமக்குக் கிடைத்த பங்கு குறைவென்று மனம் புண்பட்டு அப்பாஸ் இப்னு மிர்தாஸ் என்ற கவிஞர் பாடித் திரிந்தார். அவருடைய நாவை அறுத்துவிடுங்கள் என்று நாயகமவர்கள் சொன்னார்கள். கத்தியைத் தேடுவோமா நாம்? தோழர்கள் அவருக்கு மனம் நிறையும் அளவுக்கு மேலும் ஒட்டகங்களைக் கொடுத்தார்கள். குறை சொல்லும் நாவு நின்றது. புலவனின் நாவை எப்படி அறுப்பதென்று கீழக்கரை வள்ளலுக்கும் தெரிந்திருந்தது என்று சொன்னால் தவறாகாது.

ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்ற அந்தச் சீதக்காதி நம் இனத்தவர்; வியாபாரி. மிளகும் பிறவும் ஏற்றிக் கப்பல் ஓட்டியவர். இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதிக்கு உற்ற துணையாக இருந்தவர். சதக்கத்துல்லா அப்பா அவர்களின் காலத்தவர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியது இவர் ஆதரவில் என்பர். நூல் முடியுமுன் வள்ளல் மறைய, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பொறுப்பை ஏற்றார். அவருடைய பெயர் நூலுக்குள் பல இடங்களில் வருகிறது. கப்ருக்கு வந்த புலவர் படிக்காசுப் புலவர் என்பர் சிலர். வேறு பெயர் சொல்வாரும் உண்டு. இந்தக் கதை எப்படிப் பிறந்திருந்தாலும், “செத்தும் கொடுத்தான் சீதக்காதி” என்பதை மதம் பாராமல் தமிழ்நாடெங்கும் சொல்கிறார்கள். ஒரு மரைக்காயரின் பெயர் பழமொழியாவது சாதாரண விஷயமா?

சீறாப்புராணத்தைப் பற்றியும் இந்தச் சமயத்தில் ஒரு வார்த்தை. ஐயாயிரத்து இருபத்தேழு விருத்தங்கள் கொண்ட அந்நூலின் பெயரைச் சிங்கையில் பிள்ளைகள் அறிவார்களோ என்னவோ, பாடியவர் பெயரை அறிவார்கள். கடையநல்லூர்ச் சகோதரர்கள் 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1982-இல் அது மூடப்பட்டது. பெயர் அழியவில்லை; பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது. அங்கே போய் வரும் பிள்ளை ஒருநாள் நூலைத் திறந்தால் என்ன காண்பான்? அரபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. எட்டயபுரத்து வானம் பார்த்த கரிசல் பூமியிலிருந்த புலவருக்கு மக்காவின் பாலையைப் பற்றித் தெரியாதா? ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டிருக்கமாட்டாரா? தெரிந்தேதான் பாடினார். ஒரு தமிழன் ஒரு நாட்டைப் பாக்கியம் பெற்ற நாடு என்று சொல்ல வேண்டுமானால் அங்கே நீர் ஓட வேண்டும். அவன் மொழியில் பாக்கியத்துக்கு வேறு அடையாளம் இல்லை. பூகோளப் புத்தகமாக அதைப் படிப்பவர் புலவரைப் பொய்யராக்கிவிடுவார். “சும்மா வர்ணனை” என்று புரட்டிவிடுபவரோ, அருள் வந்து இறங்கிய மண் எப்படி இருந்திருக்கும் என்று புலவர் பட்ட ஆசையை இழந்துவிடுவார். குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணி என்று அழைத்துப் பாடியதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். தொண்டிக்கு அருகே பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 1838-இல் மறைந்த அந்தத் துறவி எந்தப் பெண்ணைத் தேடி அழுதார்? இறைவனைத் தேடிய ஏக்கத்துக்குத் தமிழ் ஏற்கெனவே வைத்திருந்த மொழியை எடுத்துக்கொண்டார்.

மேடைப் பேச்சாளர்கள் விரும்பிச் சொல்லும் தாரிக் இப்னு ஜியாதின் கதையை இவற்றோடு சேர்ப்பதா என்பதில் நமக்குத் தயக்கமுண்டு. 711-இல் கடல் கடந்து ஸ்பெயின் மண்ணில் இறங்கியதும் வந்த கப்பல்களை எரித்துவிட்டுப் படைக்குப் பிரசங்கம் செய்தார் என்பர். முற்பட்ட சரித்திர ஆசிரியர்களிடம் கப்பலெரித்த செய்தி இல்லை. பல நூற்றாண்டு கழித்து எழுதியவர்களே அதைச் சொல்கிறார்கள். எரித்தாரோ இல்லையோ, திரும்பிப் போகும் எண்ணத்தை எரித்தார் என்று கொள்ளலாம். நம் பாட்டன்மார் அப்படி எதையும் எரித்ததாகத் தெரியவில்லை. ரஜூலாக் கப்பல் அடுத்து எப்போது நாகப்பட்டினம் போகும் என்று விசாரித்துக்கொண்டேதான் இங்கே கடை வைத்தார்கள்.

போகட்டும். மதரஸாவில் ஹகீகத், மஜாஸ் என்று இரண்டு சொல்லிக் கொடுப்பார்கள். நேர்ப்பொருள், வழங்குபொருள் என்று வைத்துக்கொள்ளலாம். பிக்ஹில் ஸரீஹ், கினாயா என்று இன்னும் இரண்டு வரும். வெளிப்படையான சொல்லுக்கு, சொன்னவன் என்ன நினைத்துச் சொன்னான் என்று விசாரணை வேண்டாம், சொன்னது சொன்னதுதான். மறைமுகமான சொல்லுக்கு நிய்யத்தைப் பார்க்க வேண்டும். தலாக் சொல்லும் விஷயத்தில் இந்த வித்தியாசத்தில் ஒரு குடும்பமே நிற்கவோ விழவோ செய்யும். கவனியுங்கள்: மறைமுகமான சொல் என்றால் செல்லாத சொல் என்று நம் இமாம்கள் ஒதுக்கிவிடவில்லை. “உன் மனதில் என்ன இருந்தது?” என்று உட்கார்ந்து விசாரிக்கச் சொன்னார்கள். அதே மார்க்கத்தில், கடனைப் பற்றிய வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. எழுதிக்கொள், சாட்சி வை, தவணையைக் குறி என்று அது வியாபாரியின் கையைப் பிடித்துக் கற்றுக் கொடுக்கிறது. பேரேட்டில் உவமைக்கு இடம் வைக்கவில்லை.

இனி நாம் சொன்ன பதிலுக்கு வருவோம்.

சில வருஷத்துக்கு முன் நம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் மௌத்தானார். நல்ல மனிதர். அவரிடம் பதினெட்டு வருஷமாக ஒரு குமாஸ்தா வேலை பார்த்தார். ஊரில் ஒரே ஜமாஅத், தூரத்து உறவு கூட இல்லை. முதலாளிக்கு ஒரு வழக்கம், யாராவது கடைக்கு வந்தால் அந்தக் குமாஸ்தாவின் தோளில் கையைப் போட்டு, “இது என் கடை இல்லை காக்கா, இவன் கடை. நான் போனாலும் இந்தக் கடை இவனை விடாது” என்பார். நாம் எத்தனை தடவை கேட்டிருப்போம் என்று கணக்கில்லை. தேநீர் குடிக்கும்போதும் கேட்டிருக்கிறோம். ஒருமுறை பெருநாள் தொழுகை முடிந்து முஸாபஹா செய்யும்போதும் கேட்டிருக்கிறோம்.

முதலாளி போனார். பிள்ளைகள் படித்தவர்கள், கடையில் அவர்களுக்கு நாட்டமில்லை. சரக்கை வந்த விலைக்குத் தள்ளினார்கள். குமாஸ்தாவுக்கு ஒரு மாதச் சம்பளமும் ஊருக்கு டிக்கெட்டும் கொடுத்தார்கள். சட்டப்படி அதில் குறை சொல்ல இடமில்லை. முதலாளி எதையும் எழுதி வைக்கவில்லை; முறையான வசிய்யத்தும் செய்யவில்லை. செய்திருந்தால் வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை எழுதியிருக்கலாம். எழுதவில்லை, ஆகவே சொத்து வாரிசுகளுடையது.

குமாஸ்தா பெரியவர்களிடம் முறையிட்டார். முதலாளி பேச்சைக் கேட்டவர்கள் என்று எங்கள் மூன்று பேரை அழைத்தார்கள். முதலாளி அப்படிச் சொன்னது உண்டா என்றார்கள். உண்டு என்றோம். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்டார்கள். மூத்தவர் என்ற முறையில் மற்ற இருவரும் நம்மைப் பார்த்தார்கள். பிள்ளைகளும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். நாம் சொன்னோம்: “அது பிரியத்தில் சொன்னது. ஒரு பேச்சுக்குச் சொன்னது.” அத்துடன் அந்த விஷயம் முடிந்தது. எல்லோருக்கும் பெருமூச்சு வந்தது.

வெளியே வந்ததும் குமாஸ்தா நம்மிடம் வந்தார். கோபமாகப் பேசுவார் என்று எண்ணினோம். “நான் கடையைக் கேட்கலை காக்கா. மொதலாளி சொன்னதுக்கு என்ன அர்த்தம்னுதான் கேட்டேன். அர்த்தமே இல்லைன்னுட்டீங்க” என்றார். அதற்குமேல் பேசவில்லை.

நாம் சொன்னது பொய்யா? எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் பொய்யில்லை. அவர் பிரியத்தில்தான் சொன்னார். கடையைத் தூக்கிக் கொடுக்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. ஆனால் ஹஜ்ரத் கற்றுக்கொடுத்தபடி நிய்யத்தை விசாரித்தோமா? சொன்னவர் இல்லாவிட்டால் அவர் செய்கைகள் இருக்கின்றன. கடைச் சாவி யாரிடம் இருந்தது? முதலாளி நான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது கொள்முதல் பார்த்தது யார்? இன்னொன்று, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இடையில் ஒரு மொத்த வியாபாரி அந்தக் குமாஸ்தாவைக் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டார். போகவா என்று அவர் முதலாளியிடம் கேட்டபோது முதலாளி சொன்னது இதே வார்த்தைதான்: “உன் கடையை விட்டு எங்கேடா போகிறாய்?” அவர் போகவில்லை. சம்பளமும் கூடவில்லை.

அன்றைக்கு அந்தச் சொல் பேச்சாக நில்லாமல் விலையாகிவிட்டது என்பது நம் அபிப்பிராயம். ஒரு சொல் வெறும் அலங்காரமா, கனமுள்ளதா என்று வியாபாரி கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அதைக் கொடுத்து எதையாவது வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சீறாவின் ஆறுகளைக் காட்டி உமறுப் புலவர் யாரிடமும் நிலம் விற்கவில்லை. ஆகவே அந்த ஆறுகளுக்கு அளவு கேட்பது நியாயமில்லை. நம் பக்கத்துக் கடைக்காரரோ அந்தச் சொல்லைக் கொடுத்துப் பல வருஷ உழைப்பை வாங்கினார். அவர் ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. இருந்திருந்தால் ஏதாவது செய்திருப்பார். அவருடைய சொல் நின்ற இடத்திலிருந்து அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் வேறு பேர். அவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, நாம் அந்தச் சொல்லை உவமை என்று சொல்லிப் புதைத்துவிட்டோம்.

பங்கு பிரிக்கும் வேளையில் வாரிசல்லாத உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்து நின்றால் அவர்களுக்கும் ஏதேனும் கொடுக்கும்படி, நல்ல வார்த்தை சொல்லும்படி சூரா நிஸாவில் ஒரு கட்டளை இருக்கிறது. பாகப் பிரிவினைச் சட்டம் வந்தபின் இது மாற்றப்பட்டது என்போரும், விரும்பத்தக்கதாக இன்றும் இருக்கிறது என்போரும் ஆலிம்களில் உண்டு. நமக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தகுதி கிடையாது. அந்தக் குமாஸ்தா அன்றைக்கு வாசலில் நின்றார் என்பது மட்டும் தெரியும். கொடுக்கவும் இல்லை, சொன்ன நல்ல வார்த்தையையும் நாம் பறித்துக்கொண்டோம்.

இதை நினைத்துக்கொண்டுதான் சீதக்காதியின் கையைப் பற்றி யோசிக்கிறோம். பையன் மறுபடி கேட்டால் என்ன சொல்வது? மண்ணைப் பிளந்து கை வந்ததென்று சொல்ல மாட்டோம். அறிந்த சாட்சி இல்லை. சும்மா என்றும் சொல்ல மாட்டோம். தம்பி, வள்ளல் போன பிறகு ஒரு புலவர் வந்து நின்றார், அவர் வெறுங்கையோடு போகவில்லை என்கிறது கதை. மோதிரத்தைக் கொடுத்தது எந்தக் கை? கப்ரில் இருப்பவருக்குக் கை ஏது? அவருக்குப் பின் இருந்தவர்களுக்குத்தான் கை இருந்தது. வீட்டுக்காரராக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம், கணக்கெழுதியவராகவும் இருக்கலாம். “இவர் இருந்தால் கொடுத்திருப்பார்” என்று ஒருவர் நினைத்து, தம் விரலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்திருந்தால், அது யாருடைய கை என்று ஊர் சொல்லும்? நாம் இப்படி நினைக்கிறோம். சரித்திரம் என்று சாதிக்கவில்லை. இந்தப் பொருளில் அந்தக் கதை மண் பிளந்த கதையைவிடக் கஷ்டமானது. மண் பிளக்கும் கதையில் நமக்கு வேலையில்லை. பார்த்து ஆச்சரியப்பட்டால் போதும்.

பனூ குறைழாவுக்குப் போய்ச் சேர்ந்தே அஸர் தொழ வேண்டும் என்று நாயகமவர்கள் சொல்லியனுப்பியபோது, வழியிலேயே நேரம் வந்துவிட்டது. சிலர் வார்த்தைப்படி போய்ச் சேர்ந்த பிறகே தொழுதார்கள். சிலர், விரைந்து போங்கள் என்பதே பொருள் என்று வழியில் தொழுதார்கள். இரு சாராரையும் நாயகமவர்கள் கண்டிக்கவில்லை. இரண்டு கூட்டமும் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். பொருளை விசாரிக்கிறேன் என்று பாதியில் வீடு திரும்பியவர் எவருமில்லை.

சென்ற மாதம் அந்தக் குமாஸ்தாவின் ஊர் விலாசத்தைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் எழுதினோம். அன்றைக்குச் சொன்ன சாட்சி அரைகுறையானது, முதலாளி உங்களைப் போகவிடாமல் நிறுத்தியதும் நமக்குத் தெரியும், அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதினோம். அதன் நகலை முதலாளியின் மூத்த மகனிடமும் கையில் கொடுத்தோம். அவர் நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “பார்க்கிறேன் மாமா” என்றார். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இன்னும் தெரியவில்லை. ஊரிலிருந்தும் பதில் வரவில்லை. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள்.

நம் கடையிலும் ஒரு தம்பி இருக்கிறான். ஒன்பது வருஷமாகிறது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது வாடிக்கைக்காரர் ஒருவரிடம், “இவன் நம்ம பிள்ளை மாதிரி” என்று வாய் வரை வந்தது. நிறுத்திக்கொண்டு, தொழுதுவிட்டு வந்து பேரேட்டை எடுத்து அவன் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினோம்.